வெள்ளைக் கோட்டின் வாசனை

பால் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு ‘மூக்கு’ என்று பெயர். வயதில் சின்னவர்கள் மரியாதைக்காக ‘மூக்கக்கா’ என்பார்கள். ஊரே திரும்பிப் பார்க்கிற மூக்கு ஒன்றும் இல்லை. முகத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தது, அவ்வளவுதான். பெயர் வந்தது அது செய்த வேலையால். பண்ணைகளிலிருந்து வரும் விரல் நீளப் பாட்டில்களில் ஒன்றைத் திறப்பாள். மூக்கருகே கொண்டுபோய் ஒரு நொடி கண்ணை மூடுவாள். இந்த மாடு சரியாகத் தின்னவில்லை என்று சொல்லிவிடுவாள். அப்புறம் அதே பாட்டில் இயந்திரத்துக்குப் போகும். இயந்திரமும் அதையே சொல்லும். சில தடவை சொல்லாது. ஆனால் தப்பிப்போனதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. பேர் வாங்கிவிட்டவர்களுக்கு உள்ள சௌகரியம் அது.

இயந்திரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அவள் பாதி வாழ்க்கை அதோடுதான் போனது. பார்ப்பதற்குப் பெரிய இரும்புப் பெட்டி. ஒரு பக்கத்திலிருந்து பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். ஊசி மாதிரி ஒரு குழாய் இறங்கி ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு உறிஞ்சும். உள்ளே இரண்டு சின்னக் கண்ணாடி ஜன்னல்கள், நடுவே ஒரு தலைமுடிகூட நுழையத் திணறும் இடுக்கு. அந்த இடுக்கில் பால் நிற்கும்போது அகச்சிவப்பு ஒளி அதனூடே பாயும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அடுப்புப் பக்கம் நின்றால் முகத்தில் அடிக்கிறதே, அந்த அனலின் இனம். கொழுப்பு தனக்கு வேண்டிய பங்கை அதிலிருந்து விழுங்கிக்கொள்ளும், புரதம் தன் பங்கை, சர்க்கரை தன் பங்கை. மிச்சம் என்ன வெளியே வந்தது என்று பார்த்து, உள்ளே என்னென்ன இருந்தன என்று இயந்திரம் கணக்குப் போட்டுவிடும்.

பாட்டிலை வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடேற்றி, மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் பாலாடை மேலே மிதக்கும், ஊசி அடியிலிருந்து உறிஞ்சும், நல்ல மாட்டின் பாலையும் தண்ணீர்ப் பால் என்று இயந்திரம் சத்தியம் செய்யும். வேகமாக ஆட்டினாலோ நுரை. இந்தக் கவிழ்ப்பில் மட்டும் அவள் யாரையும் நம்பமாட்டாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பாட்டிலைக் குலுக்குவதைப் பார்த்துவிட்டால் போதும், குழந்தைக்குப் பால் புகட்டிவிட்டு இப்படித்தான் குலுக்குவாயா என்று கேட்டு அவர்கள் உயிரை எடுத்துவிடுவாள்.

அவளுக்கு உயிரான எண் ஒன்று உண்டு. கன்று போட்ட புதிதில் மாட்டுக்குப் பால் பெருகும். தின்கிற தீனி அதற்குப் போதாது. போதாதபோது மாடு தன் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பை எரித்துப் பால் கொடுக்கும். அப்படி எரியும்போது மிஞ்சுகிற ஒன்றுதான் அசிட்டோன், அதன் அளவுதான் அந்த எண். ரத்தத்தில், பாலில், மூச்சில் கலந்து வரும். நகப்பூச்சைத் துடைக்கிற திரவத்தைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. அதோடு கனிந்து கெடத் தொடங்கிய பழத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். சிலர் மூக்குக்கு அது எட்டவே எட்டாது. இவள் மூக்குக்கு எட்டும், பாட்டில் மூடியைத் திருகும்போதே எட்டிவிடும்.

இயந்திரம் அந்த எண்ணை உயர்த்திக் காட்டினால் பண்ணைக்காரரின் போனுக்குத் தானாகவே தகவல் போய்விடும். அவள் அதை நம்பாமல் தானே கூப்பிடுவாள். கூப்பிட்டுச் சும்மா சொல்லமாட்டாள், ஒரு பிடி பிடிப்பாள். "தினமும் பக்கத்துல நின்னு கறக்கறீங்க. அது தன் உடம்பையே எரிச்சுப் பால் குடுத்துக்கிட்டிருக்கு. உங்க மூக்குல ஏறலையா?" இதுதான் வழக்கமான பாட்டு. எல்லாப் பண்ணைக்காரர்களுக்கும் மனப்பாடம். போனை வைத்தபின் அவளைத் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே மாட்டு டாக்டரைக் கூப்பிடுவார்கள். எத்தனையோ மாடுகள் அவள் வாயால் பிழைத்தன.

இந்த மூக்கு தன் மகளிடம் வந்த அதே வாசனையை மோந்தது. மோந்தும் மகளைக் காப்பாற்ற முடியவில்லை. மகள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அந்த வாசனை எத்தனை நாளாக வந்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, புருஷன் பக்கத்தில் நிற்க, தெரியவில்லை என்று அவள் சொன்னாள். அது பொய். அந்தப் பொய் என்றைக்காவது புருஷனுக்குத் தெரிந்துவிட்டால், மகளைப்போல அவனும் தன்னைவிட்டுப் போய்விடுவான் என்று அவள் உறுதியாக நம்பினாள். ஒரு வருஷமும் அந்தப் பயத்தோடுதான் அவனுக்குச் சாப்பாடு போட்டாள்.

புருஷனுக்கும் அதே பரிசோதனைக்கூடத்தில்தான் வேலை. பண்ணை பண்ணையாகப் போய்ப் பாட்டில்களைச் சேகரித்து வரும் வேன் அவனுடையது. எந்தப் பண்ணையில் எந்த நாய் கடிக்கும், எந்த நாய் சும்மா குரைக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கலகலப்பான ஆள். எதற்கும் ஒரு பட்டப்பெயர் வைக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. வேனுக்குக் கிழவி என்று பெயர். மகளுக்குக் கொக்கு. பன்னிரண்டு வயதுக்குமேல் அவள் மளமளவென்று உயர்ந்துவிட்டாள், காலெல்லாம் நீளம், நின்றால் ஒற்றைக் காலில் நிற்பாள், கொக்கேதான்.

பரிசோதனைக்கூடத்தின் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. இயந்திரம் சொல்வது சரிதானா என்று வாராவாரம் பழைய முறைப்படி கொழுப்பைப் பிரித்து எடைபோட்டுப் பார்ப்பது அங்கேதான். இயந்திரத்துக்கு நீதிபதி அந்த அறை. குடுவைகளைக் கழுவி, சீக்கிரம் காய்வதற்காகக் கடைசியில் அசிட்டோன் ஊற்றி அலசுவார்கள். அந்த வேலை அவளுடையது. காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று இருந்தது, இஷ்டம் இருந்தால் சுற்றும். இதனால் அவளுடைய வெள்ளைக் கோட்டில் அந்த வாசனை குடியேறிவிட்டது. கோட்டுகளைத் துவைத்துத் தர ஆள் இருந்தாலும் அவர்கள் பொத்தான்களைப் பிய்த்து அனுப்புவார்கள். அதனால் கோட்டை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவாள். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அது தொங்கும், பக்கத்து ஆணியில் அவன் சட்டை.

வீடு என்பது இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அவள் உள்ளே நுழைந்தால் வீடு முழுக்க அந்த வாசனைதான். நெயில் பாலிஷ் கம்பெனி முதலாளியம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க என்பான் புருஷன். மகள் சின்னவளாக இருந்தபோது ஓடிவந்து கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அதற்கு அவள் வைத்த பெயர் ‘அம்மா வாசனை’. ஒருமுறை கடையில் யாரோ நகப்பூச்சுப் பாட்டிலைத் திறந்தபோது, அம்மா, இங்க உன் வாசனை என்று கத்தி எல்லோரையும் சிரிக்கவைத்தாள்.

மகளுக்குப் பதினாலு வயதில் அது வந்தது. வெயில் காலம். பெண் தண்ணீராகக் குடித்தாள். செம்பு செம்பாகக் குடித்துவிட்டு மறுபடியும் சமையலறைக்குப் போனாள். வெயிலுக்கு யார்தான் குடிக்கவில்லை? அடிக்கடி பாத்ரூம் போனாள். அவ்வளவு குடித்தால் போகத்தானே வேண்டும். இளைத்தாள். வளர்கிற பெண், உயரத்துக்குப் போகிறது சதை என்றார்கள் வந்தவர்கள் போனவர்கள் எல்லாம். கொக்கு இன்னும் கொக்காகிவிட்டது என்றான் அப்பா. சோர்ந்து சோர்ந்து படுத்தாள். பரீட்சை நேரம். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தது. இதில் ஒரு காரணமாவது கிடைக்காமல் போயிருந்தால் அவர்கள் பயந்திருப்பார்கள், பயந்திருந்தால் ஓடியிருப்பார்கள்.

பிறகு அந்த வாரம். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண் அவள் தோளில் சாய்ந்து என்னவோ பேசினாள். வாசனை வந்தது. மூக்கு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அவள் உடனே தன் கோட்டைத் திட்டினாள். விசிறி மறுபடி நின்றிருக்க வேண்டும், இன்றைக்கு ரொம்பத்தான் ஏறியிருக்கிறது என்று எழுந்துபோய்க் கோட்டை ஊறவைத்தாள். மறுநாள் பரிசோதனைக்கூட மேலாளரிடம் விசிறிக்காகச் சண்டை போட்டாள். மேலாளர் ஆளை வரவழைத்துப் புதிய மோட்டார் போடவைத்தார். விசிறி ஜோராகச் சுற்றியது. வீட்டுக்கு வந்தாள், வாசனை அப்படியே இருந்தது. மறுபடியும் கோட்டைத் துவைத்தாள். இந்தத் தடவை சோப்பை அள்ளிப் போட்டு, கைத்தோல் உரியும்வரை கசக்கினாள். பக்கத்து அறையில் மகள் தண்ணீர் கேட்டாள். கை சோப்பாக இருக்கிறது, நீயே எடுத்துக்கொள் என்று இங்கிருந்தே சொன்னாள்.

அவளை வாட்டியெடுத்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. அன்று வேலை இல்லை. கோட்டு வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் மகளுக்குத் தலைவாரிவிட்டாள். வாசனை அறைக்குள் இருந்தது. சீப்பு கையில் அப்படியே நிற்க, அவள் ஜன்னல் வழியே கொடியைப் பார்த்தாள். கோட்டு அங்கே. வாசனை இங்கே. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு என்னவோபோல இருந்தது. பிறகு, தன் தலைமுடியில் ஏறியிருக்கும் என்று முடிவு செய்துகொண்டு போய்த் தலைக்குக் குளித்தாள். தன் மேலேதான் அந்த வாசனை இருக்க வேண்டும் என்று அத்தனை வருஷம் பழகிப்போயிருந்தது. மாட்டின் மூச்சில் அதைத் தேடத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டில் அது எங்கிருந்து வருகிறது என்று தேடத் தோன்றவில்லை. இதை என்னவென்று சொல்வது? பாட்டிலுக்குள் இருந்ததென்றால் மூடியைத் திருகும்போதே சொல்லியிருப்பாள்.

மறுநாள் பெண் வாந்தி எடுத்தாள். வயிற்றுவலி என்றாள். எதையோ தின்றிருப்பாள் என்று வெந்நீர் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் கூப்பிட்டால் பதில் வரவில்லை. மூச்சு மட்டும் ஆழமாக, மாடிப்படி ஏறி வந்தவள் மாதிரி இரைத்தது. அவன் பெண்ணைத் தூக்கிவந்து வேனில், பால் பாட்டில் தட்டுகளைத் தள்ளிவிட்டு, பின்னால் கிடத்தினான்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி குனிந்தாள், பெண்ணின் வாயருகே ஒரு முறை மூச்சை இழுத்தாள், விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். பிறகு ஓட்டமும் நடையுமாக என்னென்னவோ நடந்தது. ஊசி, குழாய், கதவு. வெளியே வந்து டாக்டரம்மா இதமாகத்தான் பேசினாள். சர்க்கரை வியாதி என்றாள். சின்னப் பிள்ளைகளுக்கும் இப்படித் திடீரென்று வரும் என்றாள். "ரத்தத்துல சர்க்கரை நிறைஞ்சு கிடக்கு, ஆனா உடம்பால அதை எடுத்துக்க முடியல. அதனால உடம்பு தன்னையே எரிச்சுக்கிட்டிருந்திருக்கு. மூச்சுல இந்த வாசனை எத்தனை நாளா வருது?"

உடம்பு தன்னையே எரித்துக்கொள்வது. அது அவளுடைய வசனம். ஊரில் உள்ள பண்ணைக்காரர்களுக்கெல்லாம் அவள் போனில் பாடிய பாட்டு. புருஷன் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியல டாக்டர்" என்றாள்.

அன்று சாயங்காலம் மகள் இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு அவள் வேலைக்குத் திரும்பினாள், திரும்பாமல் என்ன செய்வாள். காலையில் இயந்திரத்துக்கு வெறும் நீரை ஓட்டிப் பூஜ்யத்தில் நிறுத்துவாள். அளவு தெரிந்த பாலை ஓட்டிச் சரிபார்ப்பாள். பாட்டில்களைச் சூடேற்றிக் கவிழ்ப்பாள். ஆனால் எதையும் மூக்கருகே கொண்டுபோகமாட்டாள். ஒரு பையன் பழைய பழக்கத்தில் ஒரு பாட்டிலை நீட்டி, மூக்கக்கா, இது எப்படி என்றான். அவள் அதைக் கையில் வாங்கவில்லை. வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டு வந்தாள். அன்றோடு அந்தப் பெயர் பரிசோதனைக்கூடத்தில் செத்துப்போயிற்று. ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது, துக்கத்தில் கேலி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

போன் செய்வதையும் நிறுத்திவிட்டாள். எண் உயர்ந்தால் தகவல் தானாகப் போகட்டும். எந்த வாயை வைத்துக்கொண்டு அவள் இன்னொருத்தரைக் கேட்பாள்? கோட்டைப் பரிசோதனைக்கூடத்திலேயே கழற்றி மாட்டிவிட்டு, முகம் கை கால் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள். வீட்டில் அந்த ஆணி சும்மா இருந்தது. பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் போய்க் கோட்டு பல்லுப் போன கிழவிபோல் ஆயிற்று.

புருஷன் கலகலப்பை அடியோடு விட்டுவிட்டான். வேனைக்கூட வேன் என்றே சொன்னான். இரண்டு பேரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உப்பு போதுமா, தண்ணி வந்துச்சா, நாளைக்கு எத்தனை பண்ணை என்று தேவைக்குப் பேசினார்கள். அவன் சில சமயம் வாயைத் திறப்பான், ஏதோ சொல்ல வருவான், மூடிக்கொள்வான். அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று அவள் நினைப்பாள். உடனே எழுந்து ஏதாவது பாத்திரத்தைக் கழுவுவாள்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. ஒரு நாள் முற்பகலில் அவன் வேனில் பாட்டில்களோடு ஒரு பெண்ணும் வந்து இறங்கினாள். எட்டு மாடு வைத்திருப்பவள். எட்டுமாட்டுக்காரி என்றால்தான் தெரியும். கன்று போட்டு மூன்று வாரமான மாடு ஒன்று படுத்துவிட்டது, எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. போனில் ஏதோ எண் எண்ணாக வந்ததாம், அவளுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. முன்னெல்லாம் கூப்பிட்டுத் திட்டுவார்களே ஓர் அக்கா, அவங்களையே பார்த்துக் கேட்டுவிடுகிறேன் என்று வேனில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

இவள் அவளை வாசலிலேயே வைத்து விசாரித்தாள். அவள் போனை வாங்கி எண்ணைப் பார்த்தாள். தகவல் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. தான் போன் செய்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கிற விஷயம். தன்மேல் வந்த கோபம் வழக்கம்போல எதிரில் நின்றவள்மேல் பாய்ந்தது. பழைய பாட்டு, அவளை அறியாமல், வாயைவிட்டு வந்துவிட்டது. "தினமும் பக்கத்துல நின்னு கறக்கறீங்களே, உங்க மூக்குல ஏறலையா?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவன் வேனிலிருந்து தட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

எட்டுமாட்டுக்காரி கோபப்படவில்லை. "ஏறுச்சுக்கா, ஏறாம என்ன? தீனி புளிக்கப் போட்ட தீவனக் குழியிலருந்து வர்ற வாசனைன்னு நெனச்சேன். கொட்டகையே எப்பவும் அப்படித்தானே இருக்கும். குழியை இழுத்து மூடுனேன். கொட்டகையை ரெண்டு தடவ கழுவிவிட்டேன். மாட்டு வாயிலருந்துதான் வருதுன்னு எனக்கு எப்படிக்கா தோணும்? தூரத்துலருந்து வர்றவங்களுக்குத் தெரியும். பக்கத்துலயே நிக்கிறவளுக்குத்தான்க்கா தெரியாது" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அவளுக்கு அவள் மாட்டுக் கவலை.

இவள் உள்ளே போய் மாட்டு டாக்டருக்குப் போன் செய்து, எண்ணைச் சொல்லி, உடனே போகச் சொன்னாள். வெளியே வந்து எட்டுமாட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் கிளம்பியாச்சு, ஊசி போட்டா எழுந்துடும், நீங்க சீக்கிரம் போங்க என்று மட்டும் சொன்னாள். அந்த மாடு மறுநாள் எழுந்து நின்றது. எழுந்து நிற்க வேண்டியவர்கள் எல்லோரும் அப்படி எழுந்துவிடுவதில்லை.

எட்டுமாட்டுக்காரி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். தட்டுகள் இறக்கும் இடத்தில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். அவன் கையில் இருந்த தட்டை வேனின் விளிம்பில் வைத்தான். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கொஞ்ச நேரம் சிணுங்கின. அந்த நேரம் வந்துவிட்டது, கேட்கப்போகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. கேட்கட்டும். இனிமேல் மறைக்கத் தெம்பு இல்லை.

"நானும் மோந்தேன்" என்றான் அவன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"அந்த ஞாயித்துக்கிழமை. நீ கோட்டைக் கொடியில போட்டிருந்தே. அவ பரீட்சைக்குப் படிக்கிறேன்னு என் பக்கத்துல வந்து உக்காந்தா. கோட்டு வெளிய இருக்கு, வாசனை உள்ள இருக்குன்னு நெனச்சேன். நெனச்சேன்."

"ஏன் சொல்லல?" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவன் அவள் கைகளைப் பார்த்தான். "ரெண்டு தடவ துவைச்சிருந்தே. கையெல்லாம் வெடிச்சுக் கெடந்துச்சு. இன்னும் வாசனை போகலைன்னு சொன்னா, மறுபடியும் போய்த் துவைப்பே. பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

அவள் மனசு நோகக்கூடாது என்று அவன் வாயை மூடியிருக்கிறான். அந்த வாயைத் திறந்திருந்தால் ஒருவேளை, ஒருவேளைதான், இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்திருப்பார்கள், பிறகு பெண்ணின் முகத்தைப் பார்த்திருப்பார்கள். அவன்மேல் கோபம் வருமா என்று தனக்குள் தேடினாள். வரவில்லை. அழுகைதான் வந்தது. அதுவும் ஒரு வருஷமாகத் தேக்கி வைத்தது, சின்னதாக வரவில்லை.

நானும் அன்றைக்கு ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தேன் என்று அவள் விம்மலுக்கு நடுவே சொன்னாள். டாக்டரிடம் பொய் சொன்னேன் என்றாள்.

"தெரியும்" என்றான். "நீ தெரியலன்னு சொன்னப்பவே தெரியும். உன் மூக்குக்கா தெரியாது? நான் பேசாம நின்னேனே, அதுவும் பொய்தான். எப்படி உன்கிட்ட சொல்றதுன்னு ஒரு வருஷமா வழி தேடறேன். சொன்னா நீ என்னை விட்டுட்டுப் போயிடுவேன்னு பயம்."

ஆக ஒரே வீட்டில், ஒரே பயத்தை, ஆளுக்கொரு மூலையில் பொத்திவைத்துக்கொண்டு ஒரு வருஷம் இருந்திருக்கிறார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான், வேறு யாருக்காவது நடந்திருந்தால். உள்ளேயிருந்து யாரோ பாட்டில் வந்துவிட்டதா என்று குரல் கொடுத்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்துப் போனாள். சூடேற்றினாள், கவிழ்த்தாள், இயந்திரத்தில் வைத்தாள். மாடுகள் துக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்தபோது அவள் கோட்டைக் கழற்றி மாட்டவில்லை. அப்படியே போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள். அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கதவுக்குப் பின்னால் அந்தப் பழைய ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவன் கதவருகே நின்றுகொண்டிருந்தான். கோட்டை இரண்டு கையாலும் அள்ளி, முகத்தை அதில் முழுசாகப் புதைத்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. ஏன் என்று அவளுக்குத் தெரியும். மகளுடைய துணிகளையெல்லாம் துவைத்து வைத்தாயிற்று, தலையணை உறையையும் துவைத்தாயிற்று, சீப்பில்கூட ஒன்றும் மிச்சமில்லை. கடைசி நாட்களில் அவள் மூச்சில் இருந்த வாசனை இந்த வீட்டில் இனி அந்தக் கோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கோட்டின் ஒரு கையைப் பிடித்துத் தன் முகத்தோடு சேர்த்துக்கொண்டாள்.